மெர்சினா மொழிபெயர்த்த அழைப்பு

மெர்சினா நிம்மதியாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சர்ச்சில் பாட்டு நடக்கும்போதுகூட அவளுடைய வலது கால் பெஞ்சுக்கு அடியில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அலைகிறாள் என்று அவளுடைய அத்தை ஹெர்டினா சொல்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மார்ஷல் தீவுகளில் பிறந்து, ஒன்பது வயதில் ஓரிகன் மாநிலத்துச் சேலத்துக்கு வந்தவள். இதுவும் சேலம்தான், மாம்பழத்துக்குப் பதில் மழை விளைகிற சேலம். பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலையில் ஏழு வருஷம், முதியோர் இல்லத்தில் ஐந்து வருஷம் நின்றே வேலை பார்த்தாள். முப்பத்தொன்பது வயதில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. அதிலும் நாற்காலி நுனியில்தான் உட்காருவாள்.

வேலை மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காப்பீட்டு அலுவலகம் என்று எங்கெல்லாம் ஒரு தீவுக்காரரும் ஓர் அமெரிக்கரும் ஒருவரையொருவர் பார்த்து விழிக்கிறார்களோ, அங்கெல்லாம் மெர்சினா நடுவில் இருப்பாள். இந்த வேலைக்கு மூன்று விதிகள். சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பேசுபவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். மூன்றாவது, உறவினர்களுக்கு மொழிபெயர்க்கக் கூடாது.

இந்த மூன்றாவது விதியை எழுதிய புண்ணியவான் ஒரு தீவையும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு படிவம் வரும். ‘நோயாளி உங்கள் உறவினரா?’ உண்மையை எழுதினால் மெர்சினா இந்த ஊரில் ஒரு தீவுக்காரருக்கும் வாய் திறக்க முடியாது. அம்மா வழி, அப்பா வழி, கல்யாண வழி என்று எப்படியாவது ஒரு நூல் வந்து சேர்ந்துவிடும். ஊரில் இருந்த மொழிபெயர்ப்பாளர்களோ இரண்டே பேர். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ‘இல்லை’ என்று எழுதினார்கள்.

அவளுடைய அமைதியின்மைக்கு ஒரு காரணம் உண்டு. அது அவளுடைய அப்பா. சர்க்கரை நோய் அவருடைய கால்களை ஒவ்வொன்றாக எடுத்தது. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை, பிறகு அடுத்த கால். அந்த நாளில் தீவிலிருந்து வந்தவர்களுக்கு ஏழைகளுக்கான அரசாங்கக் காப்பீடு கிடையாது. சம்பளத்தில் வரி பிடிப்பது மட்டும் உண்டு. அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிப் பழகிய கைகள் அவர் போன பிறகும் சும்மா இருக்க மறுத்தன. அடுத்த கால் யாருடையதோ என்ற பயம் அவளை விட்டுப் போகவே இல்லை.

அடுத்த கால் பிலிமோனுடையதாக இருந்தது. பிலிமோன் அவளுடைய தாய்மாமன், ஹெர்டினாவின் புருஷன், அம்மா வழிக் குடும்பத்துக்கே மூத்தவர். தீவில் நிலம் பெண் வழியாக இறங்கும். அந்த நிலத்தின் பேரில் பேசும் வாய் தாய்மாமனுடையது. அவர் சொன்னதை மருமகள் மறுத்துப் பேசுவது, அதுவும் வெளியாள் முன்னால் பேசுவது, நடக்காத காரியம். ஆகஸ்டில் அவருடைய இடது காலில் ஒரு விரலை எடுத்தார்கள். அந்த இடம் ஆறவில்லை.

இதற்குள் காலம் கொஞ்சம் மாறியிருந்தது. தீவுக்காரர்களுக்கும் காப்பீடு வந்தது. அதன் பின்னால் இன்னொன்றும் வந்தது: டாக்டர் மாத்திரை எழுதுகிற மாதிரி சாப்பாட்டையும் எழுதலாம், செலவு காப்பீட்டுடையது. முட்டை, கீரை, உப்பில்லாத மீன் டப்பா, பழுப்பு அரிசி, ஆப்பிள் எல்லாம் ஒரு பெட்டியில் வியாழக்கிழமைதோறும் வாசலில் வந்து இறங்கும். பிலிமோன் பெயர் போட்டு, ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்கு என்று அளந்த பெட்டி.

ஒரு ஆளுக்கு! அந்த வீட்டில் பதினொரு பேர். முதல் பங்கு போதகர் வீட்டுக்குப் போகும்; அது முறை. அப்புறம் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. அப்புறம் மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள். பத்துப் பேர் பார்த்திருக்க ஒருவர் மட்டும் சாப்பிடுவது என்பதைப் பிலிமோனுக்கு எந்த டாக்டராலும் கற்றுத்தர முடியாது. ஹெர்டினா மட்டும் முட்டையையும் கீரையையும் துணிக்கூடைக்கு அடியிலும் குளிர்ப்பெட்டியின் மூலையிலும் ஒளித்துவைத்து அவருக்கு ஊட்டினாள். அதற்கே பலன் இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு பதினொன்றே முக்காலிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது. புண்ணின் ஓரம் சிவந்து, தோல் பிடிக்க ஆரம்பித்தது. “சர்க்கரை மறுபடி ஏறினால் பாதத்தை எடுக்க வேண்டி வரும்” என்று டாக்டர் சொன்னதை மெர்சினாதான் மொழிபெயர்த்தாள். சொன்ன அன்று முழுக்க அவளால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

ஆறு மாதம் முடிந்தால் பெட்டியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகள் மெர்சினாவுக்கு மனப்பாடம். அவற்றால் மூன்று வீடுகளில் பெட்டி நின்றுபோனதை அவள் பார்த்திருந்தாள். கடந்த பன்னிரண்டு மாதங்களில், சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டதுண்டா? அடிக்கடியா, எப்போதாவதா, ஒருபோதும் இல்லையா? மூன்று வீட்டுப் பெரியவர்களும் கேள்வி முடிவதற்குள் சிரித்துவிட்டு “ஒருநாளும் இல்ல” என்றார்கள். வந்த விருந்தாளியிடம் வீட்டில் சோறு இல்லை என்று எந்தத் தீவுக்காரர் சொல்வார்? வழியில் போகிறவனைக்கூட “வா, சாப்பிடு” என்று கூப்பிடாமல் விடாத ஜனங்கள். மெர்சினா மூன்று முறையும் ‘ஒருபோதும் இல்லை’ என்று அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தாள். மூன்று கோப்புகளும் மூடப்பட்டன. அதில் ஒருவருக்கு இப்போது ஒரு கால் கிடையாது.

அதனால் ஜனவரியில் பிலிமோன் வீட்டுக்குத் தேதி குறித்ததும் மெர்சினாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலையை மற்ற மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளிவிடலாமா என்று பார்த்தாள். அவன் அரிசோனாவில் கல்யாணத்துக்குப் போயிருந்தான். அத்தைக்கு போன் போட்டாள். மாமாவிடம் சொல்லுங்கள், உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள், ‘எப்போதாவது’ என்ற ஒரு வார்த்தை போதும் என்று கெஞ்சினாள்.

“நான் சொல்றதா?” என்றாள் ஹெர்டினா. “நாப்பது வருஷமா அந்த மனுசன்கிட்ட உப்புக் கம்மின்னு சொல்லவே எனக்கு வாய் வரல. ஒன் மாமன். நீயே சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மெர்சினா அந்த வீட்டுக்குப் போனாள். வாசல்படி ஏறுவதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது.

“வாம்மா, வா, சாப்பிடு.”

அவள் பசிக்கவில்லை என்றாள். அது பதிலே இல்லை என்பதுபோல் அவர் தன் தட்டில் இருந்த அவித்த முட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். பெட்டியில் வந்த முட்டை. ஹெர்டினா ஒளித்துவைத்த முட்டை. கடிக்க மனசில்லாமல், வைக்கவும் வழியில்லாமல், மெர்சினா செவ்வாய்க்கிழமை வரப்போகும் அதிகாரியைப் பற்றிப் பேச்செடுத்தாள். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டாள். அவர்கள் கேட்கிற கேள்வி நம்மை அவமானப்படுத்த அல்ல, மாமா. அது வெறும் படிவம். படிவத்திடம் யாரும் மரியாதைக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

பிலிமோன் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் இருந்து மெதுவாக இறக்கினார்.

“அந்தப் பொம்பளைக்குப் பேர் இருக்கா?” என்றார்.

“ஷெல்பி, மாமா.”

“அப்ப வர்றது ஷெல்பி. படிவம் இல்ல. நீ முட்டையைத் தின்னு, ஆறிப்போகுது.”

அவள் தின்றாள்.

செவ்வாய் காலை பத்தரைக்கு ஷெல்பி வந்தாள். வயது ஐம்பது இருக்கும். குதிகால் தேய்ந்த செருப்பு, நனைந்த கோட்டு, கையில் டேப்லெட். நல்லவள், அதுதான் சங்கடம். கெட்டவளாக இருந்திருந்தால் மெர்சினா மனசுக்குள் திட்டியாவது ஆறியிருப்பாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், மகள்கள் வேலையில். வியாழக்கிழமைப் பெட்டி தீர்ந்து நாளாகியிருக்கும் என்பது மெர்சினாவுக்குத் தெரியும். வீட்டில் வெந்த எதன் வாசனையும் இல்லை. பிலிமோன் சர்ச்சுக்குப் போடும் சட்டை போட்டுத் தலையை வாரி உட்கார்ந்திருந்தார்.

ஷெல்பி புண்ணைப் பற்றி விசாரித்தாள், மருந்தைப் பற்றி விசாரித்தாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள். மெர்சினா தன்னால் முடிந்தவரை மெதுவாக, ‘எப்போதாவது’ என்ற வார்த்தை அறையில் நன்றாக விழும்படி மொழிபெயர்த்தாள். மாமா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஷெல்பியைப் பார்த்துச் சிரித்தார்.

“இந்த வீட்டுலயா? ஒருநாளும் இல்ல.”

ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஷெல்பிக்குத் தீவு பாஷை தெரியாது. கேட்க யாரும் இல்லை. ஆனால் வெளியாள் முன்னால் மாமா சொன்னதைத் திருத்தி அவரை ஏழையாக்குகிற வாயும் அவளுக்கு இல்லை. “ஒருபோதும் இல்லை” என்றாள்.

வாங்கிய சாப்பாடு போதாமல் போனதுண்டா? “மிச்சம்தான் ஆகுது.” அதையும் சொன்னாள். ஷெல்பி டேப்லெட்டில் இரண்டு இடத்தில் தொட்டாள். திட்டம் இவ்வளவு நன்றாக வேலை செய்ததில் ரொம்பச் சந்தோஷம் என்றாள். டேப்லெட்டை மூடிப் பையில் வைத்து எழுந்தாள். ஒரு பாதம் இவ்வளவு சுலபமாகப் போகும் என்று மெர்சினா நினைக்கவில்லை.

அப்போது பிலிமோனும் கைத்தடியை ஊன்றி எழுந்தார். “அதென்ன அதுக்குள்ள கிளம்புறது? இருந்து சாப்பிட்டுப் போகச் சொல்லு” என்றார்.

இந்த வாக்கியத்தை மெர்சினா ஆயிரம் முறை விழுங்கியிருக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நர்ஸிடமும் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள். அமெரிக்கர்களுக்கு அடுத்த வீடு இருக்கும், நேரம் இருக்காது. ‘நன்றி, போய்வாருங்கள்’ என்று சுருக்கிவிடுவாள். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்ற விதியை அவள் மீறுவது இந்த ஒரே இடத்தில்தான். அது ஒரு மரியாதை. இரண்டு பக்கமும் சங்கடம் இல்லாமல் பார்த்துக்கொள்வது.

இன்றைக்கு அவள் குறைக்கவில்லை.

“இருந்து சாப்பிட்டுப் போங்கள். நான் உங்களைச் சாப்பிட அழைக்கிறேன்” என்றாள்.

ஷெல்பி முகம் மலர்ந்து, நன்றி சொல்லி, பதினொன்றரைக்கு இன்னொரு வீடு இருக்கிறது என்றாள். மெர்சினா கையை லேசாக உயர்த்தினாள். மொழிபெயர்ப்பவள் தன் சொந்த வாயால் பேச விதியில் ஒரு சந்து உண்டு; வழக்கம் புரியாத இடத்தில் விளக்கம் சொல்லலாம்.

“இது மொழிபெயர்ப்பாளர் பேசுறது. கூப்பிட்டும் சாப்பிடாம போனா, இந்த வீட்டுச் சாப்பாடு ஒங்களுக்கு மட்டம்னு அர்த்தமாயிரும். கொஞ்சமாவது சாப்பிடணும்.”

சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஷெல்பி உட்கார்ந்தாள். பிலிமோன் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். ஹெர்டினாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அத்தை சமையலறைக்குப் போனாள். அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. இன்னொரு கதவு. மறுபடி முதல் கதவு. பிறகு பின்வாசல் திறந்தது. பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாள். அங்கே எல்லோரும் வேலைக்குப் போகிற நாள். வெறுங்கையோடு திரும்பும் காலடி கேட்டது. முன்னறையில் பிலிமோன் தீவில் தான் பிடித்த மீன்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மெர்சினா மீன்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள். காதெல்லாம் அந்தக் கதவுகளில் இருந்தது.

கடைசியில் ஹெர்டினா வந்தாள். பூப்போட்ட நல்ல தட்டு, கத்தி, மடித்த துணி. தட்டில் ஒரு அவித்த முட்டை, ஒரு கரண்டி சோறு, நறுக்கிய பாதி ஆப்பிள். ஒரே தட்டு. ஷெல்பி முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

“நீங்கள்லாம் சாப்பிடலையா?” என்று ஷெல்பி கேட்டாள்.

“எங்களுக்கு அப்பவே ஆச்சு” என்றார் பிலிமோன். மெர்சினா அதையும் சொன்னாள். சொல்லும்போதுதான் மாமாவின் நெற்றியைக் கவனித்தாள். வெளியே மழை, அறையில் குளிர். அவருக்கோ நெற்றி முழுக்க முத்து முத்தாக வியர்வை. கைத்தடியைப் பிடித்த விரல்கள் நடுங்கின. காலையில் இன்சுலின் ஊசி போட்டிருப்பார்; சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரிந்துவிடும். ஊசிக்குமேல் சாப்பிட ஒளித்து வைத்தது அந்த முட்டைதான். அதைத் தன் சாமர்த்தியத்தால் அடுத்தவர் தட்டில் ஏற்றிவிட்டது மெர்சினாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஷெல்பி முட்டையை எடுக்கவில்லை. அவளும் பார்த்துவிட்டாள். சர்க்கரை நோயாளிகளின் வீடுகளில் இருபது வருஷம் ஏறி இறங்கியவள். சுவரோரம் நின்ற ஹெர்டினாவைப் பார்த்தாள், திறந்திருந்த சமையலறை வாசலைப் பார்த்தாள், ஒற்றைத் தட்டைப் பார்த்தாள். மெர்சினாவையும் ஒரு நொடி பார்த்தாள். பிறகு கத்தியால் முட்டையையும் ஆப்பிளையும் பாதியாக வெட்டித் தட்டைப் பிலிமோன் பக்கம் நகர்த்தினாள்.

“எங்க வீட்டுல, கூப்பிட்டவர் முதல்ல வாய் வைக்காம விருந்தாளி சாப்பிட மாட்டாங்க, சார்” என்றாள்.

மெர்சினா மொழிபெயர்த்தாள். பிலிமோன் தட்டைப் பார்த்தார். பிறகு ஆப்பிளையும் முட்டையையும் சாப்பிட்டார். ஷெல்பி அவருக்கு முகம் கொடுத்தபடியே தன் பங்கைச் சாப்பிட்டாள். அவருடைய வியர்வை அடங்கும்வரை மீன்களைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்டாள். புறப்படும் முன் மூடிய டேப்லெட்டைத் திறந்தாள். ‘ஒருபோதும் இல்லை’ என்பதை அவள் மாற்றவில்லை. அதற்குக் கீழே, வந்தவர் தன் கண்ணால் கண்டதை எழுதும் இடம் ஒன்று உண்டு. அதில் நெடுநேரம் எழுதினாள். அந்த நேரம் முழுக்க மெர்சினாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

என்ன எழுதுகிறாள் என்று பிலிமோன் கேட்கவில்லை. ஷெல்பி கார் கிளம்பிய பிறகும் அவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

“இத்தன வருஷமா, ‘சாப்பிட்டுப் போ’ங்கிற அந்த வார்த்தைய நீ அவங்ககிட்ட சொன்னதே இல்ல, என்ன?” என்றார்.

“இல்ல, மாமா.”

“இன்னிக்குச் சொன்ன.”

ஹெர்டினா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெட்டி நிற்கவில்லை. அடுத்த மாதம் முதல் ஒன்றுக்கு இரண்டாக வந்தது, வீட்டில் எத்தனை பேர் என்று கணக்கில் எடுத்து. ஹெர்டினாவுக்கு ஒளித்துவைக்கும் வேலை குறைந்தது. மார்ச்சில் சர்க்கரை ஏழரைக்கு வந்தது. புண் மூடிக்கொண்டது. இதெல்லாம் மெர்சினாவுக்கு அத்தை போனில் சொல்லித்தான் தெரியும். சர்ச் வாசலில் பிலிமோன் எல்லோரையும் வழக்கம்போல் சாப்பிடக் கூப்பிட்டார்: பாட்டுக்காரர்களை, புதிதாக வந்த குடும்பத்தை, தபால்காரரை. மெர்சினா எதிரே வந்தால் “யோக்குவே” என்று முகமன் மட்டும் சொல்லித் தலையசைப்பார். கோபமாகத் திட்டியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். அவர் ஒரு குறையும் வைக்காத மரியாதையோடு நடந்துகொண்டார். கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தன் வீட்டுக்குப் போய், அடுப்பருகே நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொண்டாள். மனசு ஆறவில்லை. அதே சமயம், மறுபடி அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தால் அதையேதான் செய்வேன் என்றும் தெரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்துதான் அவளை வதைத்தன.

ஏப்ரலில் பிலிமோனுக்கு டாக்டரிடம் கடைசிப் பரிசோதனை. படிவம் வந்தது: உறவினரா? மெர்சினாவின் பேனா முதல்முறையாக அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. பிறகு வழக்கம்போல் ‘இல்லை’ என்று எழுதினாள்.

டாக்டர் பாதத்தைக் கையில் ஏந்தி இப்படியும் அப்படியும் பார்த்தார். அருமை, இந்தக் காலை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார். மெர்சினா சொன்னாள். பிலிமோன் குனிந்து சாக்ஸைப் போட்டார், ஷூவைப் போட்டார், இரண்டு காலிலும் எழுந்து நின்றார். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். பேசியது டாக்டரிடம், கண்ணும் டாக்டர் மேல்தான்.

“எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடச் சொல்லு” என்றார்.

மெர்சினா நாற்காலி நுனியில் இருந்தாள். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

“எங்கள் வீட்டுக்கு வாருங்கள்” என்றாள். “நான் உங்களைச் சாப்பிட அழைக்கிறேன்.”

கட்டாயம் ஒருநாள் வருகிறேன் என்றார் டாக்டர். அவள் அதை மாமாவிடம் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு, கைத்தடி இல்லாமல், அவளைத் தாண்டி வாசலுக்கு நடந்துபோனார்.